இறங்க வேண்டாம் ஐயா

மெய்க்காவலர் வேலைக்குப் போக ஆசைப்படும் இளைஞர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் என்னைத் தேடி வருவதுண்டு. ஆயுதப்படையில் காவலராகச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பிஎஸ்ஓ (தனிப் பாதுகாப்பு அதிகாரி) என்ற பெயரில் வெவ்வேறு மனிதர்களின் தோளுக்குப் பின்னால் நின்று கழித்தவன் என்பதால், வழி கேட்டால் இவருக்குத் தெரியும் என்று யாராவது சொல்லி அனுப்புகிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றியிருப்பார்கள், பெரியவர்கள் முன் அடக்கமாக நிற்பார்கள், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்பதைக் கேட்காமலே சொல்வார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அவர்கள் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: தேவைப்பட்டால் உயிரையும் கொடுக்கத் தயார், அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்கள். அந்தத் துணிவை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் இந்த வேலை துணிவை மட்டும் வைத்து நடப்பதில்லை என்பதை விளக்க ஒவ்வொரு முறையும் நெடுநேரம் பேச வேண்டியிருக்கிறது. என் தங்கை மகனுக்குச் சென்ற ஆண்டு சென்னையில் நேர்ந்த ஒன்று, பல காலமாக மனத்தில் இருந்த இந்தக் கருத்தை எழுதியே ஆக வேண்டும் என்று என்னை உட்கார வைத்தது.

அவனும் அப்படித்தான் போனான். ஓர் ஏஜென்சி மூலமாக, மனை வாங்கி விற்கும் தொழிலதிபர் ஒருவருக்குப் பாதுகாவலனாகச் சேர்ந்தான். கறுப்புச் சஃபாரி, காதில் ஒரு கருவி, நல்ல சம்பளம். புறநகரில் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு முதலாளி போக வேண்டியிருந்தது. நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி அவன் முன்கூட்டியே போய் இடத்தைப் பார்த்திருக்கிறான். தெரு குறுகல், வண்டியைத் திருப்ப இடமில்லை, கடை வாசலில் கூட்டம். பக்கத்துச் சந்தில் வண்டியை நிறுத்தி, கூட்டம் ஒதுங்கிய பிறகு இறங்கலாம் என்று சொல்லியிருக்கிறான். முதலாளி கேட்கவில்லை. மாலைக்கும் கைத்தட்டலுக்கும் நடுவே இறங்கி நடந்தார். மனைக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் கூட்டத்திலிருந்து பாய்ந்து முதலாளியின் சட்டையைப் பிடித்தார். என் மருமகன் இருவருக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, பிடித்த கையை விடுவித்து, யாரையும் அடிக்காமல் முதலாளியை வண்டிக்குள் ஏற்றி அந்த இடத்தைவிட்டுக் கிளப்பிவிட்டான். நான் பணியில் இருந்த காலத்தில் என் கீழ் ஒருவர் இதைச் செய்திருந்தால் நற்சான்றுக்குப் பரிந்துரைத்திருப்பேன். முதலாளிக்கோ இரண்டு வருத்தங்கள்: தன்னைப் பிடித்தவனை அங்கேயே அடித்து வீழ்த்தவில்லை என்பது ஒன்று, ஊரார் முன்னிலையில் தன்னை வண்டிக்குள் தள்ளியது மற்றொன்று. "நான் சொல்றதைச் செய்யத்தான் உன்னை வச்சிருக்கேன். எனக்கு நீ சொல்றதுக்கு இல்ல" என்றாராம். இனி வர வேண்டாம் என்று சில நாட்களில் ஏஜென்சியிலிருந்து தகவல் வந்தது.

அன்று இரவு தொலைபேசியில், "மாமா, நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டான். தப்பில்லை என்று உடனே சொல்லிவிட்டேன். பதில் சரிதான், ஆனாலும் என் மனம் அதில் நிற்கவில்லை. சரியாகச் செய்தவனை வீட்டுக்கு அனுப்புகிற ஒரு தொழிலில் சேரச் சொல்லி ஓர் இளைஞனுக்கு எப்படி வழிகாட்டுவது? பிரச்சினை அந்த முதலாளியின் குணத்தோடு முடிகிறதா, அல்லது தொழிலே அப்படித்தான் அமைந்திருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, என் அனுபவத்தோடு, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த சில பழைய நிகழ்ச்சிகளையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

குண்டை வாங்கியவரும் வண்டியைத் திருப்பியவரும்

1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் சுடப்பட்டார். சுட்டவன் ஆறு குண்டுகளையும் இரண்டு வினாடிக்குள் சுட்டுத் தீர்த்துவிட்டான். அந்தக் காட்சியில் எல்லோருக்கும் நினைவிருப்பவர் டிம் மெக்கார்த்தி என்ற, அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பின் அதிகாரி. குண்டு வரும் திசையை நோக்கித் திரும்பி, கைகால்களை விரித்துத் தன் உடம்பை அகலமாக்கிக்கொண்டு, வயிற்றில் குண்டை வாங்கினார். சத்தம் கேட்டால் எல்லா உயிரும் குனியும். அவர் நிமிர்ந்து விரிந்தார். பயிற்சி என்றால் என்ன என்று காட்ட இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. சோழர்களின் வேளைக்காரப் படையினரையும் பாண்டியர்களின் ஆபத்துதவிகளையும் பற்றிப் படித்து வளர்ந்த நமக்கு, தலைவனுக்காகத் தன் உடலைக் கொடுப்பவன்தான் மெய்க்காவலன் என்ற படிமம் மிக எளிதாக மனத்தில் ஏறிவிடுகிறது. என்னைத் தேடி வரும் பிள்ளைகள் மெக்கார்த்தியாக விரும்புகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு அதிபரின் உயிர் தப்பியதற்கு இன்னொருவரும் காரணம், அவரைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன். ஜெர்ரி பார் என்ற அதிகாரி ரீகனைப் பின்னாலிருந்து அழுத்தி வண்டிக்குள் தள்ளினார். வண்டி கிளம்பியபோது ரீகனுக்குக் குண்டு பட்டது ரீகனுக்கே தெரியாது. தள்ளிய வேகத்தில் விலா எலும்பு உடைந்துவிட்டதாக நினைத்தார். வண்டி வெள்ளை மாளிகையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் பாதுகாப்பான இடம், அதுதான் வழக்கம். பார் கையால் அதிபரின் உடம்பைத் தடவிப் பார்த்தார், இரத்தம் தென்படவில்லை. பிறகு ரீகனின் உதட்டில் நுரையோடு கூடிய சிவந்த இரத்தத்தைக் கண்டார். நுரை இருந்தால் அது நுரையீரலிலிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணத்தில் வண்டியை ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். மருத்துவமனைக்குள் நடந்து நுழைந்த ரீகன் அங்கேயே சரிந்தார்; உடம்பின் இரத்தத்தில் பாதியை இழந்திருந்தார். வழக்கப்படி வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டு அங்கிருந்து மருத்துவமனைக்கு வந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்பதே பலருடைய கருத்து.

இதே பார், சிறுவனாக இருந்தபோது ரீகன் ரகசியக் காவலராக நடித்த ஒரு திரைப்படத்தைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டவர். எனவே திரைப்படம் பார்த்து ஆசைப்படுவதை நான் குறையாக நினைப்பதில்லை. ஆசை எங்கிருந்து வந்தாலும், அது பார் போன்ற ஒருவரிடத்தில் போய் முடியலாம். நான் இளைஞர்களிடம் சுட்டிக்காட்டுவது வேறு. வண்டியைத் திருப்ப அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தது உலகின் பெரும் வல்லரசு ஒன்றின் தலைவர். ஆனாலும் அந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை அந்த நேரத்தில் பாருக்கு இருந்தது, ஓட்டுநரும் அதை ஏற்றுத் திருப்பினார். மெக்கார்த்தியின் உடலும் பாரின் முடிவும் சேர்ந்ததுதான் இந்தத் தொழில். முதலாவதை ஒரு மனிதன் தன் துணிவால் தானே கொடுத்துவிடலாம். இரண்டாவதற்கு, அவன் முடிவெடுக்கலாம் என்று மற்றவர்கள் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஒப்புக்கொள்ளாதபோது என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் பணியில் இருந்த பெண் உதவி ஆய்வாளர் அனுசுயா, ராஜீவ் காந்தியை நெருங்கி வந்தவர்களைத் தடுக்க முயன்றார். பதற வேண்டாம் என்று சொல்லி ராஜீவ் அவர்களை வரவிட்டதை அனுசுயாவே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் படுகாயத்தோடு தப்பினார். ராஜீவின் தனிப் பாதுகாப்பு அதிகாரியாக வந்திருந்த டெல்லி காவல் துறையின் பி.கே. குப்தா, பணியிலிருந்த காவலர்கள் சிலர், பொதுமக்கள் எனப் பலர் ராஜீவோடு குண்டுவெடிப்பில் இறந்தார்கள். பிரதமர் பதவியை இழந்த பிறகு ராஜீவுக்கு எஸ்பிஜி என்ற, பிரதமரைக் காக்கும் சிறப்புப் படையின் பாதுகாப்பு இல்லாமல் போனதும், கூட்டம் நடந்த இடத்தின் ஏற்பாடுகளில் இருந்த ஓட்டைகளும் விரிவாக விசாரிக்கப்பட்டவை, அவற்றை இங்கே திருப்பிச் சொல்லத் தேவையில்லை. மக்களோடு கலக்க விரும்பிய ஒரு தலைவரை நான் குற்றம் சொல்லவும் இல்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர் மக்களைத் தொடாமல் எப்படிப் போவார்? நான் பார்ப்பது அந்த உதவி ஆய்வாளரின் நிலையை. அவர் கண் சரியாகப் பார்த்தது, கை சரியாக நீண்டது. கடைசிச் சொல் மட்டும் அவருடையதாக இல்லை.

2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டது இன்னொரு வகை. அங்கே யாரும் யாரையும் மறுக்கவில்லை. சாலை நடுவே அவர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் முதுகுப் பக்கத்தை யாரும் முறையாகக் கவனிக்கவில்லை. முதல் குண்டு படவில்லை. அடுத்தது மூன்று வினாடிக்கும் குறைவான இடைவெளியில் வந்தது. அந்த இடைவெளியில் அவரைத் தரையோடு சாய்த்து மறைக்க யாராலும் முடியவில்லை. பின்புறத்தில் காவல் ஒழுங்காக இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று ஜப்பானிய காவல் துறையே தன் ஆய்வில் ஒப்புக்கொண்டது. அதன் தலைவர் பதவி விலகினார். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைவிட, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார்கள் என்பது முக்கியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த நிகழ்ச்சியைப் பயன்படுத்துகிறேன்.

சமையல்கட்டு வழியாக வந்த நீதியரசர்

என் பணிக்காலத்தில் இந்த விஷயம் எனக்கு முழுதாக விளங்கியது ஒரு கல்யாண வீட்டில். அப்போது நான் தலைமைக் காவலர். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவருக்கு, அவர் முன்பு அளித்த தீர்ப்பு ஒன்றின் காரணமாக மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்ததால், அரசு பாதுகாப்புக் கொடுத்திருந்தது. திண்டுக்கல் பக்கம் அவருடைய நண்பர் வீட்டுத் திருமணத்துக்கு அவர் வர வேண்டும். நான் அவருக்கு முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டேன். பெரிய தலைவர்கள் விஷயத்தில் ஏஎஸ்எல் என்று பல துறையினரும் கூடி முன்கூட்டியே இடத்தைப் பார்த்து எழுதி வைப்பார்கள். தனி ஒரு பிஎஸ்ஓவுக்கு அவன் கால்களும் கண்களும்தான் ஏஎஸ்எல். மண்டபத்தின் முன்வாசலில் இரண்டு பக்கமும் கடைகள், இருசக்கர வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. ஃபிளெக்ஸ் பேனருக்காகக் கட்டிய சாரம் பாதி வழியை அடைத்திருந்தது. பெரியவர் வண்டி வந்ததும் கொளுத்துவதற்காக நீளமான சரவெடியை விரித்துக்கொண்டிருந்தார்கள். சரவெடி வெடிக்கும்போது வேறு எந்தச் சத்தமும் கேட்காது, புகையில் முகம் தெரியாது, பின்னால் வண்டிகள் நிற்பதால் எங்கள் வண்டி பின்வாங்க முடியாது. பக்கவாட்டில் சமையல்கட்டுக்குப் போகும் வழி ஒன்று இருந்தது. காய்கறி வண்டி வந்து போகும் அளவுக்கு அகலம். உள்ளே வண்டியைத் திருப்பி, முகம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்தி வைக்கலாம். அங்கிருந்து மேடைக்கு இருபது முப்பது அடிதான்.

ஐயாவை அந்த வழியாக அழைத்து வருகிறேன் என்று பெண்ணின் தகப்பனாரிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏட்டையா, ஐயா சமையல்கட்டு வழியா வந்தா ஊர்ல என்ன பேசுவாங்க? வாசல்ல நாதஸ்வரம் வச்சு, ஆரத்தி எடுத்து, மாலை போட்டுக் கூட்டிட்டு வர்றதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும் பண்ணியிருக்கு. எங்களுக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் ஊரில் வாசல் என்பது வெறும் வழி இல்லை. ஒருவரை எந்த வாசலில் வரவேற்கிறோம் என்பதில் இரண்டு குடும்பங்களின் மதிப்பும் அடங்கியிருக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவன் அதைப் புரிந்துகொள்ளாமல், பாதுகாப்பு என்ற சொல்லை வைத்து எல்லோரையும் விரட்டினால், அவன் காக்கும் மனிதருக்கே பகையைத் தேடிக் கொடுப்பான். நான் அவரிடம் விளக்கமாகப் பேசிவிட்டு, வண்டியில் வந்துகொண்டிருந்த நீதியரசருக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொன்னேன். முன்வாசலில் இறங்க வேண்டாம் ஐயா என்றேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன். "சரி, வண்டி எங்க நிக்கணுமோ அங்கயே நிக்கட்டும்" என்றார்.

சமையல்கட்டில் இறங்கியவர், பெரிய கரண்டியோடு நின்றுகொண்டிருந்த தலைமைச் சமையல்காரருக்கு முதல் வணக்கம் வைத்தார். பெண்ணின் தகப்பனார் ஓடி வந்தபோது, "ஆரத்தி எடுக்கணும்னா இங்கயே எடுங்க, சாப்பாடு மணக்கிற இடத்துல எடுக்குறதும் மங்களம்தான்" என்றார். நாதஸ்வரக்காரர்களை அங்கே வரச் சொன்னார்கள். ஊர் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தாலும் பெருமையாகத்தான் பேசியிருக்கும். அன்றைக்கு அங்கே அசம்பாவிதம் ஒன்றும் நடக்கவில்லை. முன்வாசல் வழியாக வந்திருந்தாலும் நடந்திருக்காதோ என்னவோ.

திரும்பி வரும்போது வண்டியில் நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இன்னைக்கு நீங்க சொன்னது தேவைதானான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு எனக்குத் தெரியும். உங்க சம்பளம் என் பையிலிருந்து வரல. வந்திருந்தா, ஒண்ணு நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க, இல்ல நான் கேட்டிருக்க மாட்டேன்." வாழ்நாள் முழுக்கச் சாட்சிகளை எடைபோட்டவர் என்பதால் அவருக்கு அது உடனே தெரிந்திருக்கிறது. யாருக்கு எதிராகச் சில நேரம் பேச வேண்டியிருக்குமோ, அவரிடமே கைநீட்டிச் சம்பளம் வாங்குகிறவனின் சொல்லுக்கு எடை இராது. அதுவரை நான் என் சொல் எடுபடுவதற்கு என் அனுபவமும் பேச்சுத் திறமையும் காரணம் என்று நினைத்திருந்தேன். அன்றுமுதல் இந்தத் தொழிலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் சம்பளம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

அரசுப் பணியில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். பாதுகாக்கப்படுகிறவர் மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் பிஎஸ்ஓ மறுநாள் வேறு இடத்தில் இருப்பார். எக்ஸ், ஒய், இசட் என்ற பாதுகாப்பு வகைகளை அந்தஸ்தாக எண்ணிக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும் காவலர் பையைத் தூக்குகிறார், குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார், குடை பிடிக்கிறார். இரண்டு கையிலும் பொருள்களை வைத்திருக்கும் காவலரால் யாரையும் காக்க முடியாது என்பது அந்த வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. இவ்வளவுக்குப் பிறகும், அரசுக் காவலருக்கு முறையிட ஓர் அலுவலகம் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, அவர் எழுதி வைக்கும் குறிப்புக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. தனியார் துறைக்குப் போகும் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றுகூட உறுதியில்லை.

சட்டம் பார்க்காத வேலை

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமம் நிறுவனத்துக்கு. காவலருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 65ஐத் தாண்டக் கூடாது. நடத்தை சரிபார்க்கப்பட வேண்டும். மத்திய அரசின் 2006 மாதிரி விதிகளின்படி, குறைந்தது 20 வேலை நாட்களில் 100 மணிநேர வகுப்பும் 60 மணிநேரக் களப்பயிற்சியும் பெற வேண்டியிருந்தது; முன்னாள் இராணுவத்தினருக்கும் முன்னாள் காவல் துறையினருக்கும் இது 40 மணிநேரமும் 16 மணிநேரமுமாகக் குறைந்தது. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டியிருந்தது. வாசலில் நின்று வண்டி எண்ணை எழுதும் காவலருக்கு இவை பொருத்தமானவை, ஏடிஎம் காவலுக்கும் பொருத்தமானவை. ஒரு மனிதரோடு நடந்து, ஒவ்வொரு கதவிலும் ஒரு முடிவெடுக்க வேண்டிய வேலை வேறு. பிரிட்டனில் இந்த வேலைக்கென்று தனி உரிமம் இருக்கிறது. அதை ஒவ்வொரு காவலரும் தன் பெயரில் பெற வேண்டும், முதலுதவித் தகுதியும் கட்டாயம். நம் சட்டத்தில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன. இது மாற வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

அதன் விளைவைச் சென்னையிலும் மற்ற நகரங்களிலும் விழா வாசல்களில் பார்க்கலாம். பவுன்சர் என்று அழைக்கப்படும் பிள்ளைகளை நாள் கூலிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ரசிகரைத் தள்ளுவதும், செல்ஃபி எடுக்க வந்தவரின் கையைத் தட்டிவிடுவதும் அவர்கள் வேலை என்று சொல்லி அனுப்பப்படுகிறார்கள். தள்ளிய காட்சி கைபேசியில் பரவினால் வழக்கு அந்தப் பிள்ளை மேல்தான் வரும். ஒரு தனியார் காவலருக்குப் பொதுமக்களில் ஒருவருக்கு உள்ள அதிகாரத்துக்கு மேல் இம்மியும் கிடையாது. தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் தற்காப்பு உரிமை, பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் எல்லோருக்கும் இருப்பதுதான் அவருக்கும். கண் முன்னால் கடும் குற்றம் செய்தவரைப் பிடித்து வைக்கலாம், ஆனால் தாமதமின்றி, ஆறு மணிநேரத்துக்குள் காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பிடித்தவரை அடிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. சட்டையைப் பிடித்தவரை அடிக்காமல் விட்ட என் மருமகன், தன்னை அறியாமலே தன் வாழ்க்கையையும் காத்துக்கொண்டான்.

இந்த வேலைக்கு வருவேன் என்பவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். வயது இருந்தால் முதலில் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமத்தின் காவலர் தேர்வை எழுதுங்கள். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடும் பயிற்சியை இன்றைக்கே தொடங்குங்கள். ஆயுதப்படையில் கழிக்கும் ஆண்டுகள் எந்த ஜிம்மும் கற்றுத்தராத பொறுமையைக் கற்றுத்தரும். தனியாருக்குப் போவதானால், மார்பை அகலமாக்குவதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை முதலுதவி கற்கக் கொடுங்கள். இரத்தம் நிற்காமல் போகும்போது எங்கே அழுத்துவது, மார்பு வலி என்று சொன்னவரை எப்படி உட்கார வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் காக்கும் மனிதர் துப்பாக்கிக் குண்டால் சாவதைவிட மாரடைப்பாலோ சாலை விபத்தாலோ சாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வண்டி ஓட்டத் தெரிய வேண்டும். ஆங்கிலமும் இந்தியும் ஓரளவாவது பேசத் தெரிய வேண்டும். கூட்டத்தில் முகத்தைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுக் கைகளைப் பார்க்கப் பழக வேண்டும், ஏனென்றால் தீங்கு கையிலிருந்துதான் வருகிறது. பல மணிநேரம் நின்று, பசியையும் சிறுநீரையும் அடக்கி, அதற்குப் பிறகும் எரிச்சல்படாமல் ஒரு குழந்தையிடம் "கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு" என்று சொல்ல முடிய வேண்டும். முழங்கால் வலி நாற்பது வயதில் நிச்சயம் வரும். அதற்குள், களத்தில் நிற்பதிலிருந்து திட்டமிடும் வேலைக்கு நகர்வதற்கான படிப்போ அனுபவமோ கையில் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் கேட்டால் கூடுதல் மகிழ்ச்சியோடு பதில் சொல்வேன். பெண் தலைவர்கள், பெண் தொழில்முனைவோர், நடிகைகள் என்று தேவை இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் குறைவு. ஒரு பெண் காவலர் செல்லக்கூடிய சில இடங்களுக்கு ஆண் காவலர் போக முடியாது.

என் மருமகனுக்குக் காவலர் தேர்வுக்கான வயது கடந்துவிட்டது. இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று மறுபடியும் ஒரு தொழிலதிபர் வீடு, முன்பைவிடக் கூடுதல் சம்பளம். மற்றொன்று ஒரகடம் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலை. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் மேலாளர் ஒருவரோடு போய்வர வேண்டும். சம்பளம் தருவது நிறுவனம், பதில் சொல்ல வேண்டியது இராணுவத்தில் இருந்து வந்த பாதுகாப்பு மேலாளருக்கு. சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. என் தங்கைக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "அண்ணே, இந்தச் சம்பளத்துக்கு அவன் நம்ம ஊர்லயே ஒரு வேலை பார்த்துக்கிட்டு கண்ணு முன்னாடி இருக்கலாமே" என்கிறாள். அவள் கவலைக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: வண்டியிலிருந்து இறங்க வேண்டாம் என்று நான் சொன்னால் கதவு மூடியே இருக்குமா? தொழிலதிபர் வீட்டில் மேலாளர், அதெல்லாம் முதலாளி பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார். தொழிற்சாலையில் ஒரு தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பயணத்தின்போது வண்டியை நிறுத்துவது, கிளப்புவது, பாதையை மாற்றுவது ஆகியவற்றில் ஓட்டுநர் பாதுகாவலரின் சொல்லைக் கேட்க வேண்டும் என்றும், மாற்றுக் கருத்து இருந்தால் மேலாளர் அலுவலகம் திரும்பிய பிறகு எழுத்தில் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. கீழே அந்த வெளிநாட்டு மேலாளரின் கையெழுத்தும் இருந்ததாம். அதைக் கேட்ட பிறகுதான், போய்ச் சேர் என்று சொன்னேன்.